பிள்ளை சொன்னால்தான் சேதி: மெல்பர்ன் கிளம்பும் நம்ம ஊர்க்காரர்களுக்கு

பொங்கலுக்கு மதுரை செல்லூர் வந்து இரண்டு வாரம் ஆகிறது. எதிர்வீட்டு மதினி குடும்பத்தோடு மெல்பர்ன் கிளம்புகிறார். மூத்தவனுக்கு 15, இளையவளுக்கு 12. வீடு முழுக்க அட்டைப்பெட்டி. இட்லிக் கொப்பரையை எடுத்துப் போகலாமா, மூன்று லிட்டர் குக்கர் போதுமா, குளிருக்கு இங்கேயே ஸ்வெட்டர் வாங்கிவிடலாமா என்று தினமும் சாயங்காலம் வந்து கேட்கிறார். பிள்ளைகளைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "நம்ம வளர்ப்பு நம்ம கையில, அங்க போனா மட்டும் மாறிருமா?" என்றார். 2019-ல் நானும் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அவரிடம் வாயால் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். அவரைப் போல இன்னும் பல பேர் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள்.

காகித வேலையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வரி எண், மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீடு, பேங்க் கணக்கு எல்லாவற்றுக்கும் வந்ததுமே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். அரசுப் பள்ளி என்றால் வீட்டு முகவரியை வைத்துத்தான் இடம், அதனால் வீடு பிடிக்கும் முன்பே எந்தப் பள்ளியின் எல்லையில் வருகிறது என்று பாருங்கள். மெடிகேர் இருந்தாலும், மெல்பர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் ஆம்புலன்ஸ் செலவு அதில் வராது. ஒரு தடவை ஏறினால் ஆயிரம் டாலருக்கு மேல் பில் வரும். ஆம்புலன்ஸ் விக்டோரியா என்கிற அந்த மாநிலத்து ஆம்புலன்ஸ் சேவையில் குடும்பச் சந்தா இருக்கிறது, வந்த வாரமே கட்டிவிடுங்கள். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது கீழே வரும்.

சட்டம் பக்கம் மூன்று விஷயம் தெரிந்தால் போதும். தமிழ்நாட்டில் குடிக்க 21 வயது, அங்கே 18. ப்ளஸ் டூ முடிக்கிற வயது. கூடப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் பள்ளியில் இருக்கும்போதே சட்டப்படி பாட்டில் வாங்கலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, விக்டோரியாவில் 2011-லிருந்து, 18 வயதுக்குக் கீழே உள்ள அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு, அதன் பெற்றோர் சம்மதம் இல்லாமல் உங்கள் வீட்டில் வைத்து மது கொடுப்பது குற்றம். பல ஆயிரம் டாலர் அபராதம். அதனால் அங்கே உள்ள அம்மாக்கள் பிறந்தநாளுக்கு அழைத்தால் "டிரிங்க்ஸ் இருக்குமா, பெரியவங்க யார் கூட இருப்பாங்க?" என்று நீங்கள் நேராகக் கேட்கலாம். மதுரையில் ஒரு வீட்டுக்காரரிடம் இப்படிக் கேட்டால் உறவே அறுந்துபோகும். அங்கே கேட்காவிட்டால்தான் ஆச்சரியப்படுவார்கள். "எங்க பிள்ளைக்கு வேண்டாம்" என்று ஒரு வரி மெசேஜ் போட்டாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் சொன்னதும் அதுதான், 18-க்குக் கீழே ஒரு சொட்டும் வேண்டாம் என்று.

மூன்றாவது, புதிதாக வந்த சட்டம். 2025 டிசம்பர் 10-லிருந்து 16 வயது ஆகாதவர்களுக்கு இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட், டிக்டாக், ஃபேஸ்புக், யூடியூப், எக்ஸ், ரெட்டிட் போன்றவற்றில் கணக்கு இருக்கக் கூடாது. மீறினால் கம்பெனிக்குத்தான் அபராதம், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. மதினி இதைக் கேட்டதும் "அப்பாடா, கவர்மென்டே பூட்டிட்டான்" என்றார். பூட்டவில்லை மதினி. வாட்ஸாப், டிஸ்கார்ட், ரோப்லாக்ஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் சின்னவளுக்கு 14. அவளுடைய கூட்டாளிகள் மொத்தமும் ஒரே வாரத்தில் வாட்ஸாப் குழுவுக்கு மாறிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் வயதுச் சோதனைக்குக் கல்லூரி படிக்கிற அக்காவின் முகத்தைக் கேமராவில் காட்டி ஸ்னாப்சாட்டில் அப்படியே இருக்கிறாள். நம்ம ஊரில் டிக்டாக் 2020 ஜூனிலேயே போய்விட்டது. இங்கிருந்து போகிற பிள்ளை அங்கேதான் அதை முதல்முதலாகப் பார்க்கும், அதுவும் 16 ஆனதும், மொத்தமாக. விக்டோரியா அரசுப் பள்ளிகளில் 2020-லிருந்து பள்ளி நேரத்தில் போன் கிடையாது. மூன்றரை மணிக்கு கேட்டைத் தாண்டியதும் பையிலிருந்து வெளியே வந்துவிடும்.

இவ்வளவுதான் சட்டம். எங்களைக் கவிழ்த்தது இது எதுவுமே இல்லை.

எங்க வீட்டுக்காரர் 17 வயதில் தமுக்கம் மைதானத்துப் பக்கம் நின்று ஒரு சிகரெட் பற்றவைத்திருக்கிறார். செல்லூர் வந்து சேர்வதற்குள் மாமனாருக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடைக்காரர் பார்த்து பால்காரரிடம் சொல்ல, பால்காரர் வீட்டில் வந்து சொல்லிவிட்டார். நாம் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். ட்யூஷன் சார், பஸ் கண்டக்டர், கோயில் வாசலில் பூக்கட்டுகிற அக்கா, மாடியில் வடகம் காயப்போடுகிற அப்பத்தா, தெருவுக்கே கண் இருந்தது. பிள்ளை தானாக வந்து வாய் திறக்க வேண்டிய அவசியமே நம் அம்மாக்களுக்கு வரவில்லை. அதனால்தான் திட்டினார்கள், அடித்தார்கள், அப்படியும் சேதி வந்துகொண்டே இருந்தது.

மெல்பர்ன் புறநகர் பாயிண்ட் குக்கில் நாங்கள் இருக்கிற தெருவில் 40 வீடு. ஆறு வருடத்தில் நாலு பேருக்கு எங்கள் பெரியவன் பெயர் தெரியும். அவன் ரயில் நிலையத்தில் யாரோடு நின்றாலும் யாரும் எனக்கு வந்து சொல்ல மாட்டார்கள். அங்கே என் பிள்ளையைப் பற்றிய சேதி எனக்கு வர ஒரே வழி அவன் வாய்தான். அது தெரியாமல் அந்த வாயை நானே அடைத்தேன்.

2023 ஏப்ரல். பெரியவனுக்கு அப்போது 15. ஒரு நாள் ராத்திரி அடுப்படிக்கு வந்து நின்றான். இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் பழக்கமாகி, படம் கேட்டு, இவன் சட்டையில்லாமல் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். இப்போது அது 200 டாலர் கேட்கிறது, இல்லாவிட்டால் பள்ளி நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன் என்கிறது. கை நடுங்கியபடி போனை என்னிடம் நீட்டினான்.

நான் என்ன செய்தேன் என்று அப்படியே சொல்கிறேன். போனைப் பிடுங்கினேன். முதுகில் இரண்டு போட்டேன். அந்தக் கணக்கையே அழித்தேன். ஒரு மாதம் போன் கிடையாது என்றேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மனசு தாங்காமல் அன்றைக்கே செல்லூருக்கு வீடியோ கால் போட்டு அப்பத்தாவிடம் அழுதேன். மறுநாள் சித்தப்பா, அத்தை, தூத்துக்குடியில் இருக்கிற மாமா வரைக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை குடும்பமே வரிசையாக அவனுக்கு போனில் புத்தி சொன்னது. அவன் தலையைக் குனிந்துகொண்டு "சரி, சரி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

செய்ய வேண்டியது வேறு. அந்தப் பக்கம் இருப்பது பெண்ணே இல்லை, பணம் பறிக்கிற கும்பல். பையன்களைத்தான் அதிகம் குறிவைக்கிறார்கள். ஒரு டாலர் கூடக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அடுத்த நிமிடம் மேலே கேட்பார்கள். பதில் போடுவதை நிறுத்திவிட்டு, அந்தக் கணக்கின் பெயரையும் மிரட்டிய மெசேஜையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகுதான் பிளாக் செய்ய வேண்டும். பிள்ளையின் அந்தரங்கப் படம் இருந்தால் அதை மட்டும் நகல் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். 18-க்குக் கீழே என்றால் ஃபெடரல் போலீஸ் நடத்துகிற ஏசிசிசிஇ (ACCCE) என்கிற குழந்தைச் சுரண்டல் தடுப்பு மையத்தில் ஆன்லைனில் புகார் கொடுக்கலாம், இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற அரசு அமைப்பான இசேஃப்டி கமிஷனரிடமும் கொடுக்கலாம். நான் கணக்கை அழித்ததால் புகார் கொடுக்க என் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மூன்று மாதம் கழித்து ஜூலையில் அவனுடைய 16-வது பிறந்தநாள். பெரியவர்கள் வீட்டுக்குள், பையன்கள் கராஜில் டேபிள் டென்னிஸ். அதற்கு முந்தின வாரம் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் டூட்டி ஃப்ரீயில் வாங்கிய வோட்கா பாட்டிலை அடுப்படி மேல் தட்டில், அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தோம். பெரியவர் ஒருவருக்கு 2.25 லிட்டர் வரைக்கும் அனுமதி இருப்பதால் நம் ஆட்கள் தவறாமல் வாங்கி வருவார்கள். நம் வீடுகளில் குடியை மறைத்து வைத்தே பழக்கம். மறைத்தால் பிள்ளைக்குத் தெரியாது என்று நம்பிக்கை. பையன்கள் அதை ஸ்ப்ரைட் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, குறைந்த அளவுக்குத் தண்ணீர் நிரப்பி அதே இடத்தில் வைத்துவிட்டார்கள்.

பத்தரை மணிக்கு நான் கறிதோசைத் தட்டோடு கராஜுக்குப் போனேன். சத்தமே இல்லை. ஐந்து பையன்கள் வட்டமாக நிற்கிறார்கள், நடுவில் பீன்பேக்கில் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பத்துப் பையன், அவன் அம்மா எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி. உதடு வெளுத்து, தொண்டையில் கொர் கொர் என்று சத்தம். கன்னத்தில் வாந்தி. தொட்டால் சில்லென்று இருக்கிறான்.

எங்க வீட்டுக்காரர் மோர் கொண்டுவர ஓடினார். நம்ம ஊர் வைத்தியம் அதுதானே, மோர், எலுமிச்சைச் சாறு, தலையில் ஒரு குடம் தண்ணீர். வந்திருந்தவர்களில் ஒரு அக்கா நர்ஸ். "ஒண்ணும் வாயில ஊத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டே வந்து பையனை ஒருக்களித்துப் புரட்டி, மேல் காலை மடக்கி, முகத்தைத் தரைப் பக்கம் சாய்த்துவிட்டார். மயங்கிக் கிடப்பவனுக்கு விழுங்கத் தெரியாது. ஊற்றுகிற மோர் நேராக நுரையீரலுக்குப் போகும். மல்லாந்து கிடந்தால் அவன் வாந்தியே அவன் மூச்சை அடைத்துவிடும். தூங்கித் தெளியட்டும் என்றும் விடக் கூடாது, ஏனென்றால் வயிற்றில் இருக்கிற சாராயம் அதற்குப் பிறகும் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். அவன் குடித்தது ஏறக்குறைய நம்ம ஊர் குவார்ட்டர் அளவு. 180 மில்லி என்றால் அங்கத்திய கணக்கில் சுமார் 6 ஸ்டாண்டர்ட் டிரிங்க் (ஒன்று என்றால் 10 கிராம் சுத்தச் சாராயம்). ஒன்று கரைய ஈரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஒல்லிப் பையன், அரை மணியில் குடித்திருக்கிறான்.

அங்கத்திய அவசர எண் 000-வை அழைத்தேன். போனில் இருந்த பெண் அவன் ஒவ்வொரு தடவை மூச்சு விடும்போதும் "நவ்" என்று சொல்லச் சொன்னார். நான் அவன் விலா எலும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஒரு நவ்வுக்கும் அடுத்த நவ்வுக்கும் நடுவே இருந்த இடைவெளியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆம்புலன்ஸ் வந்தது, பிள்ளை பிழைத்தான், மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவன் விழுந்தது 9:50-க்கு. நான் பார்த்தது 10:30-க்கு. அந்த 40 நிமிடம், சுவருக்கு அந்தப் பக்கம் பத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். விழுந்த புதிதில் சும்மா போதை என்று நினைத்து எங்கள் பெரியவனே 11 நொடி வீடியோ எடுத்து ஸ்னாப்சாட் குழுவில் போட்டிருக்கிறான். தானாக மறைந்துவிடும் என்று நினைப்பு. யாரோ இன்னொரு போனில் அதைப் பிடித்து வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை பள்ளி முழுக்க இருந்தது. அந்தப் பையன் அந்தப் பருவம் முடிந்ததும் பள்ளி மாறிவிட்டான். அவன் அம்மா இன்றுவரை என்னோடு பேசவில்லை. நான் தப்புச் சொல்ல மாட்டேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் கேட்டேன், "ஏன்டா உள்ள வந்து சொல்லல?" பெரியவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "போன தடவ சொன்னேன்ல."

புதிதாகக் கிளம்புகிற அம்மா அப்பாக்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். பிள்ளை முதல் தடவை தானாக வந்து ஒன்றைச் சொல்லும்போது கையையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள். "சொன்னியே, நல்லது" என்ற ஒரு வார்த்தை முதலில் வரட்டும். கோபம் வரும், வயிறு எரியும், மறுநாள் பேசிக்கொள்ளலாம். போனைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் அடுத்த தடவை உங்களுக்கு வர வேண்டிய சேதியும் சேர்ந்து போகும். முக்கியமாக ஊருக்கு போன் போடாதீர்கள். அப்பத்தா பாசத்தில்தான் பேசுவார், ஆனால் பிள்ளைக்கு அது பஞ்சாயத்து. எங்கள் வீட்டில் இப்போது ஏற்பாடு இப்படி: எந்த ராத்திரியானாலும் "பருத்திப்பால் இருக்கா" என்று மெசேஜ் வந்தால் நான் எங்கே என்று மட்டும் கேட்டு வண்டியை எடுப்பேன். வீடு வந்து சேரும் வரைக்கும் கேள்வி இல்லை. போன நவம்பரில் ஒரு தடவை வந்தது. பதினொன்றே காலுக்குப் போய்க் கூட்டிவந்தேன். வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் தோசை ஊற்றினேன், இரண்டாவது தோசையில் அவனே ஆரம்பித்தான். வண்டி ஓட்ட வேண்டியவன் குடித்திருந்தான், அதனால் ஏறவில்லை என்றான். அங்கே எல் போர்டும் (ஓட்டப் பழகுகிறவர்கள்) பி போர்டும் (புது லைசென்ஸ்காரர்கள்) வைத்திருப்பவர்கள் ஒரு சொட்டுக் கூடக் குடித்துவிட்டு ஓட்டக் கூடாது, அதைப் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

பாட்டில் இருக்கிற வீடு என்றால் பூட்டுப் போடுகிற அலமாரியில் வையுங்கள், அளவைக் குறித்து வையுங்கள். விருந்து நாளில் பையன்கள் இருக்கிற அறைக்கு அரை மணிக்கொரு தடவை ஏதாவது தட்டோடு போய்வாருங்கள். வீடியோ பரவினால் முதலில் அந்த ஆப்பிலேயே புகார் கொடுத்து ஸ்க்ரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள், 48 மணி நேரத்தில் எடுக்காவிட்டால் இசேஃப்டிக்குப் போகலாம்.

ஃப்ரிட்ஜில் ஒட்ட வேண்டிய எண்கள்: உயிர் ஆபத்துக்கு 000. எதையாவது குடித்துவிட்டான், என்ன செய்ய என்று கேட்க விஷத் தகவல் மையம் 13 11 26. பிள்ளை நம்மிடம் பேச முடியாததைப் பேச கிட்ஸ் ஹெல்ப்லைன் 1800 55 1800, இதை அவன் போனிலேயே போட்டுக்கொடுங்கள். இங்கிலீஷ் தடுமாறினால் 131 450-ல் கூப்பிட்டு "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைப் போடுவார்கள். மதினிக்கு இந்த நாலையும் காலண்டர் தாள் பின்னால் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பாஸ்போர்ட் பைக்குள் வைத்திருக்கிறார்.