பழைய வீட்டுக் கணினியில் இன்றைய பொறியியல் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புகை கக்கி நின்றுபோகும் கணினியால் பெரிய ஆபத்தில்லை. கெட்டுவிட்டது என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். ஒன்பது இலக்கங்களோடு பளிச்சென்று ஒரு பிழையான விடையைத் திரையில் காட்ட, அதை நாமும் நம்பி வரைபடத்தில் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டால், அதுதான் ஆபத்து. கொமடோர் 64, பிபிசி மைக்ரோ, சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம் போன்ற 1980களின் வீட்டுக் கணினிகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்னும் சில வீடுகளின் அலுமாரி மேல்தட்டில் கிடக்கின்றன. அவற்றை இறக்கித் துடைத்து, உண்மையான வேலைக்கு வைத்துக்கொள்ள விரும்பும் தொழில்நுட்ப அலுவலர்களையும் நில அளவையாளர்களையும் பொறியியல் மாணவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அந்த ஆசை வீண் ஆசையல்ல. இந்த இயந்திரங்களால் இன்றும் வேலை செய்ய முடியும். எங்கே சறுக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் சறுக்கல் வேலையைத் தெரிவு செய்வதிலேயே தொடங்கிவிடுகிறது. 1982இல் வந்த கொமடோர் 64 ஏறக்குறைய ஒரு மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடுவது. அதன் 64 கிலோபைட் நினைவகத்தில் பேசிக் என்ற நிரல் மொழியில் எழுதும் நிரல்களுக்குக் கிடைப்பது 38,911 பைட் மட்டுமே. தசம எண் அணியில், அதாவது எண் அட்டவணையில், ஓர் எண்ணுக்கு 5 பைட் போகும். 80 கிடைவரிசை, 80 நெடுவரிசை கொண்ட ஓர் அணியே 32,000 பைட்டைத் தின்றுவிடும். மிச்சத்தில்தான் நிரலும் இருக்க வேண்டும். ஆகவே பல மாடிக் கட்டடத்தின் சட்டகப் பகுப்பாய்வை இதில் முழு அணியாக ஏற்றப் பார்ப்பது வீண்முயற்சி. ஒரு தொடர் உத்தரம், சிறிய சட்டகம், வாய்க்கால் ஒன்றின் நீரோட்டம், காணி ஒன்றின் எல்லைக் கணக்கு, பல மணிநேரம் அலுக்காமல் ஓர் அளவைக் குறித்துக்கொண்டிருக்கும் வேலை ஆகியவை இதற்குப் பொருத்தமானவை. சட்டகம்தான் வேண்டுமென்றால், அணியின் மூலைவிட்டத்தை ஒட்டிய பட்டையை மட்டும் சேமியுங்கள். அரைப்பட்டை (மூலைவிட்டத்தையும் சேர்த்து ஒரு பக்கத்து அகலம்) 9 என்றால் 80 சமன்பாடுகளுக்கு 720 எண்கள் போதும். 32 கிலோபைட் கொண்ட பிபிசி மைக்ரோ மாதிரி பி இருந்தால், கணக்கு ஓடும்போது திரையை 7ஆம் முறையில் வையுங்கள். அது 1 கிலோபைட் மட்டுமே எடுக்கும். 0ஆம் முறை 20 கிலோபைட்டை விழுங்கிவிடும்.

ஒன்பது இலக்கத்தை நம்பிக் காணி அளப்பது

எனக்குத் தெரிந்த மிக மோசமான பொறி இது. கல்லடியில் 12 பேர்ச் காணி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். ஏறத்தாழ 303 சதுர மீற்றர். நான்கு மூலைகளின் ஆள்கூறுகளும் இலங்கை நில அளவைத் திணைக்களத்தின் 1999ஆம் ஆண்டு வலையமைப்பில் கையில் இருக்கின்றன. அந்த வலையமைப்பின் தொடக்கப் புள்ளிக்குக் கிழக்கு 5 இலட்சம் மீற்றர், வடக்கு 5 இலட்சம் மீற்றர் என்று வைத்திருப்பதால், மட்டக்களப்பு நகரம் கிழக்கு சுமார் 6 இலட்சம், வடக்கு சுமார் 5 இலட்சத்து 80 ஆயிரம் என்று வரும். இந்த எண்களைக் கொமடோரில் ஏற்றித் திரும்பக் கேட்டுப் பாருங்கள்: மில்லிமீற்றர் வரை சரியாகவே காட்டும். மனம் நிம்மதியடையும்.

அடுத்து, ஒரு மூலையின் கிழக்கை அடுத்த மூலையின் வடக்கால் பெருக்கி, குறுக்கே கழித்துக் கூட்டி, பாதியாக்கும் பழகிய சூத்திரத்தைப் போடுகிறோம். 6 இலட்சத்தை 5.8 இலட்சத்தால் பெருக்கினால் 34,800 கோடி. கொமடோரின் தசம எண்ணில் பெறுமதிக்கு 32 பிட்டுகள்தான் உண்டு. அவ்வளவு பெரிய எண்ணை அதில் அடக்கினால், ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே 128 என்ற இடைவெளி விழுகிறது. அதாவது 128 சதுர மீற்றர், ஐந்து பேர்ச். இடையில் உள்ளதெல்லாம் அந்த இயந்திரத்துக்கு இல்லாத எண்கள். ஒவ்வொரு பெருக்கத்திலும் 64 சதுர மீற்றர் வரை பிழை நுழையலாம். கடைசியில் பாதியாக்கினாலும் ஒரு பெருக்கத்துக்கு 32, ஒரு பேர்ச்சுக்கும் மேல். 12 பேர்ச் காணியில் இது எப்படிப்பட்ட பிழை என்பதை நம் ஊரில் வேலிச் சண்டை பார்த்தவர்களிடம் சொல்லத் தேவையில்லை. கணினியோ எந்த எச்சரிக்கையும் தராது.

தீர்வு எளிது. முதல் மூலையின் ஆள்கூற்றை எல்லா மூலைகளிலிருந்தும் கழித்துவிட்டுப் பிறகு பெருக்குங்கள். எண்கள் பத்து, இருபது மீற்றருக்குள் வந்துவிடும், பிழை மறைந்துவிடும். அல்லது ஒவ்வொரு கிழக்கையும், அடுத்த வடக்குக்கும் முந்தைய வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கும் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். கணிதத்தில் இரண்டும் ஒன்றேதான், இந்த இயந்திரத்தில்தான் வேறு வேறு. பிபிசி மைக்ரோவும் ஸ்பெக்ட்ரமும் இதே 5 பைட் எண்களைத்தான் பயன்படுத்துகின்றன. அவற்றிலும் இதே கவனம் வேண்டும். பிபிசியில் மட்டும் கூடுதலாக ஒரு வசதி உண்டு. அதன் முழு எண் மாறிகள் 214 கோடி வரை தாங்கும் என்பதால் ஆள்கூறுகளை மில்லிமீற்றரிலேயே முழு எண்ணாக வைத்துக் கழிக்கலாம். கொமடோரின் முழு எண் மாறி 32,767ஐத் தாண்டாது. அதில் கணக்கு வேகமாக ஓடும் என்ற நம்பிக்கையும் பிழையானது. உள்ளே ஒவ்வொரு முறையும் தசம எண்ணாக மாற்றியே கணக்கிடுகிறது.

வாய்க்கால் சூத்திரமும் பெயர்களும்

வாய்க்காலில் நீர் ஓடும் வேகத்தைக் கணக்கிடும் மானிங் சூத்திரத்தில், நீரியல் ஆரையை (நீரின் குறுக்குப் பரப்பை நனைந்த சுற்றளவால் வகுத்து வருவது) மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்த வேண்டும். அடைப்புக்குறி இடாமல் அடுக்குக் குறிக்குப் பின் இரண்டு வகுத்தல் மூன்று என்று எழுதினால், பேசிக் முதலில் வர்க்கப்படுத்திவிட்டு, பிறகு மூன்றால் வகுக்கும். ஆரை 0.6 மீற்றர் என்றால் வர வேண்டியது 0.711, வருவது 0.12. ஆறில் ஒரு பங்கு நீரை வைத்து மதகை வடிவமைத்தால் பெரும்போகத்தில் வயல்காரர் முகத்தில் எப்படி விழிப்பது?

இன்னொன்று, பழைய நிரல்களை அப்படியே தட்டச்சு செய்வது. 1980களின் ஆங்கில நிரல்கள் பலவற்றில் 1.486 என்ற மாறிலி இருக்கும். அது அடிக் கணக்குக்கு உரியது. மீற்றரில் அளவுகளைக் கொடுத்தால் அந்த இடத்தில் 1 வர வேண்டும். கவனிக்காவிட்டால் வேகம் ஏறக்குறைய பாதி மடங்கு கூடிவிடும். கல்லோயாத் திட்டத்து வாய்க்கால்களின் பழைய வரைபடங்கள் அடியிலும், புதிய அளவுகள் மீற்றரிலும் இருக்கும் அம்பாறையில் இந்தக் கலப்படம் மிக எளிதாக நடக்கும். கொங்கிறீற்று வடிவமைப்பு நிரல்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அவை சிபி 110 என்ற பழைய பிரித்தானிய விதிக்கோவையின் காலத்து விதிகளில் எழுதப்பட்டிருக்கலாம். அதற்குப் பின் 1985இல் பிஎஸ் 8110 வந்தது, பிறகு ஐரோப்பிய விதிக்கோவையான யூரோகோட் வந்தது. நிரலின் உள்ளே இருக்கும் பாதுகாப்புக் காரணிகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பாராமல் ஒரு கம்பியைக்கூட அதை நம்பிப் போடக் கூடாது.

கொமடோர் பேசிக்கில் மாறிப் பெயரின் முதலிரண்டு எழுத்துகள் மட்டுமே கணக்கில் வரும். ஆழத்துக்கு ‘டெப்த்’ என்றும் அடர்த்திக்கு ‘டென்சிட்டி’ என்றும் ஆங்கிலத்தில் பெயரிட்டால், இரண்டும் டி, ஈ என்றே தொடங்குவதால் ஒரே மாறி. ஆழத்தை மாற்றியதும் அடர்த்தியும் சத்தமில்லாமல் மாறிவிடும். ‘ஃபோர்ஸ்’, ‘லெங்த்’, ‘டோட்டல்’ ஆகியவற்றை ஏற்கவே ஏற்காது. ‘ஃபோர்’, ‘லென்’, ‘டு’ என்ற கட்டளைச் சொற்கள் அவற்றுள் ஒளிந்திருக்கின்றன. ‘ஸ்ட்ரெஸ்’, ‘ஸ்ட்ரெய்ன்’ இரண்டும் எஸ், டி என்று தொடங்கி, கணினி தனக்கென ஒதுக்கிய மாறியில் போய் முட்டும். பிழைச் செய்தி தருபவை பரவாயில்லை, அவற்றைத் திருத்திவிடலாம். செய்தி தராத ஆழம்–அடர்த்தி வகைதான் ஆளைக் கவிழ்க்கும். நிரல் எழுதுமுன் ஒரு தாளில் ஈரெழுத்துப் பெயர்ப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். கோணங்கள் ரேடியனில்தான் போக வேண்டும் என்பதையும் அதே தாளின் தலையில் எழுதிவையுங்கள்.

மின்சாரம்

பல ஆண்டு கிடந்த கணினியை ஆசையோடு செருகி ஆளியைப் போடுவதைப் போல் தவறு வேறில்லை. கொமடோர் 64 உடன் வந்த கனமான மின்வழங்கிக்குள் பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். உள்ளே வெப்பம் வெளியேற வழியில்லை. அதன் சீராக்கி கெட்டால் 5 வோல்டுக்குப் பதிலாக அதற்கு மேல் அனுப்பி நினைவகச் சில்லுகளைக் கொன்றுவிடும். மல்டிமீற்றரால் அளந்து பார்ப்பது நல்லதுதான். ஆனால் சுமை இல்லாமல் அளந்தால் நல்லதுபோலவே காட்டக்கூடும். புதிதாகச் செய்த மின்வழங்கி ஒன்றை வாங்கிவிடுவதே என் தீர்ப்பு. லண்டனிலிருந்து வந்த கணினி நம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸுக்கு ஒத்துப்போகும். கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்தது 120 வோல்டுக்கானது. நேரே செருகினால் அதோடு முடிந்தது. ஸ்பெக்ட்ரத்தின் 9 வோல்ட் செருகியில் நடு முனை எதிர்மறை. இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் அது நேர்மறை.

பிபிசி மைக்ரோவின் மின்வழங்கியில் ரிஃபா நிறுவனத்துக் காகித மின்தேக்கிகள் இருக்கும். அவற்றின் மேலுறை வெடித்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் நாற்றமெடுத்த புகையோடு போகும். வாவியும் கடலும் இரண்டு பக்கமும் சூழ்ந்த ஊரில் அவை காய்ந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. செருகுவதற்கு முன்பே மாற்றுங்கள். மாற்றும்போது எக்ஸ்2 தரம் பொறித்ததையே போடுங்கள். அந்த இடம் நேரடியாக வீட்டு மின்சாரத்தில் இருப்பது. பழக்கமில்லையென்றால் மின்னணுத் திருத்துநரிடம் கொடுத்துவிடுங்கள்.

உணரிகளும் கடிகாரமும்

இந்தக் கணினிகளின் பேரழகே வெளியுலகோடு நேரடியாகப் பேசக்கூடிய துறைகள், அதாவது இணைப்பு வாய்கள்தான். ஒரு குளத்தின் நீர்மட்டத்தை இரவு முழுவதும் குறித்துவைக்க இன்றைய மடிக்கணினியில் கூடுதல் பலகை வேண்டும். பிபிசி மைக்ரோவில் மின்னழுத்தத்தை அளக்கும் நான்கு அனலொக் வாயில்கள் கூடவே வருகின்றன. ஆனால் அவற்றின் 1.8 வோல்ட் மேற்கோள் அழுத்தம் (அளவை ஒப்பிட வைத்திருக்கும் மின்னழுத்தம்) மூன்று சாதாரண டயோட்டுகளால் ஆனது. ஒரு பாகை வெப்பம் கூடினால் ஏறக்குறைய 6 மில்லிவோல்ட் இறங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் பெட்டிக்குள் 10 பாகை வித்தியாசம் வந்தால், நீர்மட்டம் அசையாமலே அளவு மூன்று சதவீதம் ஏறிவிடும். மிதவையோடு இணைத்த மாறுதடைக்கு அதே மேற்கோள் முனையிலிருந்தே மின்னழுத்தம் கொடுங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் விகிதம் மாறாது. தானாக மின்னழுத்தம் தரும் உணரி என்றால், ஒரு வாயிலில் நிலையான வெளி மேற்கோளை இணைத்து ஒவ்வொரு முறையும் அதோடு ஒப்பிடுங்கள்.

கொமடோரின் பயனர் துறை 5 வோல்டில் வேலை செய்வது. அதிலிருந்து 100 மில்லிஅம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. ரிலேயை நேரடியாக மாட்டாதீர்கள். இடையில் திரான்சிஸ்டரும், சுருளுக்குக் குறுக்கே டயோட்டும் வேண்டும். இன்றைய உணரிகள் பல 3.3 வோல்டில் ஓடுபவை. மின்னழுத்த மட்டம் மாற்றும் சுற்று இல்லாமல் இணைத்தால் உணரி போகும். ஆர்எஸ் 232 என்ற பழைய தொடர் இணைப்பு முறைக் கருவியை நேரே இணைத்தால் கணினி போகும். கணினி ஓடிக்கொண்டிருக்கையில் எதையும் செருகவோ பிடுங்கவோ வேண்டாம்.

கடிகாரத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. கொமடோரின் உள்ளே இருக்கும் நாட்கடிகாரம் வீட்டு மின்சாரத்தின் அலைகளை எண்ணியே ஓடுகிறது. தொடக்கத்தில் அது 60 ஹேர்ட்ஸ் என்றே எண்ணிக்கொள்ளும். நம் 50 ஹேர்ட்ஸில் ஒரு மணிநேரத்தை 50 நிமிடமாகக் காட்டும். அதற்குரிய பிட்டை நிரலின் முதல் வரியிலேயே மாற்ற வேண்டும். அதன் பிறகும், மின்வெட்டில் ஜெனரேட்டருக்கு மாறினால் அதன் அலைவேகம் தள்ளாடும்போது கடிகாரமும் தள்ளாடும். பேசிக்கின் நேர மாறியோ நாடாவில் எழுதும்போது நின்றுவிடும். பதிவுகளுக்கு நேரம் முக்கியமென்றால், பற்றரியில் ஓடும் சிறிய கடிகாரச் சில்லு ஒன்றைப் பயனர் துறையில் இணைப்பதே நம்பகமான வழி.

கடைசியாகச் சேமிப்பு. மாரிகாலத்து ஈரத்தில் நெகிழ்வட்டுகளில் பூஞ்சணம் பிடிக்கும். பூத்த வட்டைச் சுழலவிட்டால் வாசிப்புத் தலையும் அழுக்காகி, அடுத்து போடும் நல்ல வட்டையும் கீறும். கொமடோரின் 1541 வட்டியக்கியில் ஒரு வட்டுக்கு மொத்தமே 170 கிலோபைட். எஸ்டி அட்டையில் சேமிக்கும் இணைப்பி ஒன்றை வாங்கி, எல்லா நிரலையும் அதற்கு மாற்றி, ஒரு பிரதியை மடிக்கணினியில் வையுங்கள். மடிக்கணினியைக் கொமடோர் போலவே நடக்க வைக்கும் வைஸ் என்ற இலவச மென்பொருளில் அதே நிரலை ஓட்டலாம். அது அசல் பேசிக்கையே இயக்குவதால் அதே விடை, அதே பிழையோடு வரும். ஆகவே விடையைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்தாதீர்கள். சரிபார்ப்புக்குக் கணிப்பானில் அல்லது விரிதாளில் தனியாக ஒரு கணக்குப் போட்டு, இரண்டு விடைகளையும் கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் வரைபடத்துக்குப் போக வேண்டும்.