பினாங்கில் உதவி தேடுபவரைச் சரியான வாசலில் சேர்ப்பது எப்படி

பினாங்கில் நோயும் வறுமையும் வாட்டும் குடும்பம் பெரும்பாலும் அரசு அலுவலகத்தில் முதலில் வாய் திறப்பதில்லை. கோயில் அலுவலகம், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், தாமான் குடியிருப்பாளர் சங்கம், தெரிந்த ஒரு சமூக சேவகர் என்று எங்காவதுதான் கஷ்டத்தைச் சொல்கிறது. கேட்டவர் ஒரு போன் நம்பரைக் கொடுத்து அனுப்புகிறார். அந்தக் குடும்பம் அங்கே போனதா, என்ன பதில் கிடைத்தது, உதவி கைக்கு வந்ததா என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. மாநிலம் முழுவதற்கும் ஒரு பரிந்துரை வலையமைப்பு, அதாவது உதவி கேட்பவரைச் சரியான சேவைக்கு அனுப்பும் ஏற்பாடு, வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான்.

செயலி கட்டுவதில் தொடங்க வேண்டாம். எல்லாரும் திறக்கக்கூடிய, ஆனால் இரண்டு பேர் மட்டுமே திருத்தக்கூடிய ஒரு சேவைப் பட்டியல் விரிதாள் முதல் ஆண்டுக்குப் போதும். 40 முதல் 60 சேவைகளோடு தொடங்குங்கள். முந்நூறு பெயர் உள்ள பட்டியலில் பாதி காலாவதியாகிக் கிடந்தால், மூன்று முறை தவறான எண்ணை அழைத்த தொண்டூழியர் நான்காம் முறை பட்டியலைத் திறக்கமாட்டார்.

பட்டியலைப் பிரித்து எழுதுவது

அமைப்பு, சேவை, இடம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பதியுங்கள். அமெரிக்காவில் 211 என்ற எண்ணை அழைத்தால் உதவிக்கு வழிகாட்டும் முறை 1997இல் அட்லாண்டாவில் தொடங்கியது. அந்த வகைத் தகவல் மையங்களுக்காக உருவான ஓப்பன் ரெஃபரல் தரவு முறையும் இந்தப் பிரிவினை மேல்தான் நிற்கிறது. காரணம் எளிது. பினாங்கு பொது மருத்துவமனை ஓர் அமைப்பு. ஆனால் அங்குள்ள அவசரப் பிரிவும், நிபுணர் கிளினிக்கும், மருத்துவச் சமூகப் பணிப் பிரிவும் மூன்று வெவ்வேறு வாசல்கள். மருத்துவமனையின் பொது எண்ணை மட்டும் கொடுத்தால் சக்கர நாற்காலிக்கு உதவி கேட்டுப் போனவர் புறநோயாளி வரிசையில் காலை முழுவதும் உட்கார்ந்திருப்பார். சிகிச்சைச் செலவுக்கோ கருவிக்கோ உதவி வேண்டுபவருக்கு மருத்துவச் சமூகப் பணிப் பிரிவுதான் சரியான இடம். அங்கே பொதுவாகச் சிகிச்சை தரும் டாக்டரே அனுப்பி வைப்பார். ஆகவே பட்டியலில் “டாக்டரிடம் கேட்டு, அவர் மூலம் போகவும்” என்று எழுதியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு சேவைக்கும் கீழே யார் தகுதி, என்ன ஆவணம், கட்டணம், நாள், நேரம், பேசும் மொழி, சக்கர நாற்காலி வசதி, பஸ் நிற்கும் இடம், கடைசியாகச் சரிபார்த்தவர், சரிபார்த்த தேதி ஆகியவை வேண்டும். “யார் தகுதி” என்பதில் அடையாளக் கார்டின் நிறத்தைக் கட்டாயம் எழுதுங்கள். நீல மைகார்ட் (குடிமகன்), சிவப்பு மைபிஆர் (நிரந்தரவாசி), பச்சை மைகாஸ் (தற்காலிகக் குடியிருப்பாளர்), எதுவுமே இல்லாதவர் என நான்கு நிலையிலும் நம் குடும்பங்கள் இருக்கின்றன. அரசு கிளினிக்கில் குடிமகன் 1 ரிங்கிட்டும் நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட்டும் கட்டினால், குடியுரிமை இல்லாதவர் கட்டுவது வேறு தொகை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை இருக்கும் வீட்டுக்கு மருத்துவ உதவியோடு பதிவு இலாகா வேலையும் சேர்ந்தே நடக்க வேண்டும். அதை இரண்டாவது பரிந்துரையாக அன்றே திறந்துவிடுங்கள்.

எல்லைகள் படுத்தும் பாடு

மாநிலத்தில் ஐந்து மாவட்டங்கள்: தீவில் வடகிழக்கு, தென்மேற்கு, பெருநிலத்தில் செபராங் பிறை வடக்கு, மத்தி, தெற்கு. சமூகநல இலாகாவின் உதவித் தொகைக்கு விண்ணப்பித்தால் அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பார். எனவே ஆள் உண்மையில் குடியிருக்கும் மாவட்டத்தின் அலுவலகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். மைகார்டில் பழைய தோட்ட முகவரி இருந்து, குடும்பம் பிறைக்குக் குடிமாறியிருந்தால் கோப்பு இரண்டு அலுவலகத்துக்கு நடுவே தேங்கிவிடும். அனுப்பும் முன் “இப்போ எங்கம்மா இருக்கீங்க, கார்டுல எந்த அட்ரஸ் இருக்கு?” என்று இரண்டையும் கேளுங்கள்.

நிபோங் திபாலை ஒட்டிப் பேராக்கின் பாரிட் புந்தார் இருக்கிறது; புக்கிட் மெர்தாஜாமை ஒட்டிக் கெடாவின் கூலிம். அங்குள்ளவர்களும் இங்கேதான் கேட்டு வருவார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. அதற்கு எல்லைக்கு அப்பால் உள்ள அலுவலகங்களும் பட்டியலில் இருக்க வேண்டும். கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை. பினாங்கில் சனி, ஞாயிறு. இரண்டு மாநில அலுவலகமும் ஒரே நாளில் பேச வேண்டிய வழக்கை (ஒரு குடும்பத்தின் உதவிக் கோரிக்கையை) திங்கள் முதல் வியாழனுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தைத் தனிச் சேவையாகவே பதியுங்கள். சிறுநீரகச் சுத்திகரிப்பு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். தென் செபராங் பிறையில் இருப்பவருக்குத் தீவில் இடம் வாங்கிக் கொடுத்தால் பாலம் தாண்டும் செலவிலேயே சில வாரத்தில் நின்றுவிடுவார். இடம் கிடைத்ததைப் பதிவேட்டில் வெற்றி என்று எழுதுவதற்கு முன் வண்டிக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள்.

தவறான வாசல்

மிக அதிகமாக இழப்பு நேர்வது இங்கே. சிறுநீரகம் செயலிழந்த தொழிலாளியை நேராகச் சமூகநல இலாகாவுக்கோ நன்கொடைக்கோ அனுப்புகிறார்கள். அவர் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தாதாரராக இருந்தால் இயலாமை ஓய்வூதியமும், தகுதிப்பட்டால் சுத்திகரிப்புச் செலவும் அங்கேயே கிடைக்கக்கூடும். முழு ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறும் ஒரு வழி, விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதம் சந்தா கட்டியிருப்பது. அதாவது வேலையை விட்டு 16 மாதம் தாண்டிவிட்டால் அந்தக் கணக்கு உடைந்துவிடுகிறது. வேறு வழிகள் இருந்தாலும் அவற்றுக்கும் பழைய சந்தா விவரம் தேவை. ஆகவே வேலை செய்யும் வயதில் நோயுற்ற எவரிடமும் முதல் கேள்வி “சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தார்களா, கடைசியாக எந்த மாதம்?” என்பதாக இருக்கட்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு கார்டும் இப்படித்தான். செவிப்புலன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகை என ஏழு பிரிவு. டாக்டர் விண்ணப்பப் பாரத்தில் உறுதிப்படுத்தாமல் சமூகநல இலாகாவுக்குப் போனால் திரும்பித்தான் வர வேண்டும்.

அனுப்பும் முறை

நம்பர் கொடுப்பதை விட்டுவிட்டு, ஆள் பக்கத்தில் இருக்கும்போதே அழையுங்கள். முதலில் சம்மதம்: எந்தத் தகவலை யாரிடம் சொல்லப் போகிறோம் என்று தமிழில் சொல்லி, “சரி” என்று கேட்ட பிறகு தேதியோடு பதியுங்கள். பிறகு மலாயில் அரைப் பக்கக் கடிதம். அதில் பெயர், அடையாள எண், தொடர்பு எண், கேட்கும் உதவி, கையில் உள்ள ஆவணங்கள், அனுப்புபவர் பெயர் போதும். உதவிக்குத் தேவையில்லாத நோய் விவரம் வேண்டாம். குடும்பத்திடம் அதே செய்தியைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: எந்த மாடி, எந்த முகப்பு, எத்தனை மணிக்கு முன், என்னென்ன அசல் ஆவணம்.

மைகார்ட் படத்தை வாட்சாப் குழுவில் போடுவதை அடியோடு நிறுத்துங்கள். அறுபது பேர் பார்க்கும் இடத்தில் ஒருவரின் எய்ச்ஐவி நிலையோ மனநல மருந்தோ வந்துவிட்டால் அவர் மறுபடி யாரிடமும் உதவி கேட்கமாட்டார். குழுவில் வழக்கு எண் மட்டும், விவரம் இருவருக்கிடையே.

அடிபட்ட பெண், துன்புறுத்தப்பட்ட பிள்ளை, உயிரை மாய்த்துக்கொள்ளப் பேசுபவர் ஆகியோருக்கு இந்த வரிசை பொருந்தாது. உடனடி ஆபத்து என்றால் 999. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் உள்ள ஒரே இட நெருக்கடி மையத்தில் சிகிச்சையும் போலீஸ் புகாரும் சமூகநல அதிகாரியும் ஒரே இடத்தில் கிடைக்க வழி உண்டு. தாலியான் காசே என்ற அரசு உதவி எண் 15999 இரவு பகல் இயங்குகிறது. மனநல உதவிக்கு 15555. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் சமூகநல அதிகாரி 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு தரலாம். பலருக்கு இது தெரியாது. பினாங்கில் 1985 முதல் இயங்கும் விமன்ஸ் சென்டர் ஃபார் சேஞ்ச் அமைப்பும் துணை நிற்கும். அடிபட்ட பெண்ணைத் திரும்ப அழைக்கும் முன் எந்த நேரம், எந்த எண் பாதுகாப்பானது என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி வைக்காதீர்கள். வீட்டில் வேறு கண் அந்தப் போனைப் பார்க்கும்.

வழக்கை மூடுவது

இரண்டாம் நாள் ஓர் அழைப்பு: போனார்களா? பதினான்காம் நாள் இன்னொன்று: என்ன சொன்னார்கள்? நாற்பத்தைந்தாம் நாள் கடைசி: கிடைத்ததா? பதிவேட்டில் “அனுப்பப்பட்டது”, “போனார்”, “விண்ணப்பித்தார்”, “கிடைத்தது”, “மறுக்கப்பட்டது”, “தொடர்பில்லை” என்ற ஆறு சொல் மட்டும் அனுமதியுங்கள். “பார்த்துக்கொள்ளப்பட்டது” என்று எழுத விடாதீர்கள். அதற்குள் எல்லாத் தோல்வியும் ஒளிந்துகொள்ளும்.

மறுப்புக்கு எதிரே காரணம் எழுத வேண்டும்: ஆவணம் இல்லை, மாவட்டம் தவறு, வருமானம் கூடுதல், இடம் நிரம்பியது, மொழி புரியவில்லை. மாதம் ஒருமுறை அந்தப் பத்தியை மட்டும் எண்ணிப் பாருங்கள். முதல் இரண்டும் அதிகமென்றால் பிழை நம் பக்கம், பட்டியலைத் திருத்தலாம். “இடம் நிரம்பியது” அதிகமென்றால் பட்டியலை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. அந்த எண்ணிக்கையைப் பெயர்கள் இல்லாமல், மாவட்ட வாரியாக, சட்டமன்ற உறுப்பினரிடமும் இலாகாவிடமும் எடுத்துப் போங்கள்.

அதிகம் பயன்படும் பத்துச் சேவைகளை 90 நாளுக்கு ஒருமுறையும் மற்றவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் போன் செய்து சரிபார்க்க வேண்டும். அழைக்கும்போது “தகவல் சரியா?” என்று கேட்டால் “சரி” என்றுதான் பதில் வரும். “நாளை ஒரு 62 வயது அம்மா வந்தால் என்னென்ன கொண்டு வரணும்?” என்று கேளுங்கள், மாறியது தானாக வெளிவரும். கோயில் நிர்வாகமும் சங்கப் பொறுப்பும் தேர்தலோடு மாறுவதால், விரிதாளின் உரிமையை எவருடைய சொந்த மின்னஞ்சலிலும் வைக்காமல் அமைப்பின் பெயரில் தனிக் கணக்கில் வையுங்கள். கடவுச்சொல் தீவில் ஒருவரிடமும் பெருநிலத்தில் ஒருவரிடமும் இருக்கட்டும்.