அம்மா காவி வந்த 11 படங்கள்

2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா சொப்பிங் பையில் சுற்றிக் காவியவை இந்த 11 படங்கள்தான். அவற்றில் ஒன்றைத் தவிர மற்றவற்றைக் கைபேசியில் எடுத்து கூகுள் டிரைவில் போட்டேன். இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, கனடா மாமாவுக்கும் பாரிஸ் சித்திக்கும் அனுப்பினேன். இரண்டு கிழமையில் அக்காவின் சாமத்தியவீட்டுப் படம் முன்பின் தெரியாத ஒருவரின் முகநூலில்! அக்கா இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை.

பொது இணைப்பை நிறுத்தி, ஒவ்வொருவரின் மின்னஞ்சலையும் தனித்தனியே சேர்த்தேன். பார்ப்பவர்கள் தரவிறக்கும் வசதியையும் அணைத்தேன். ஸ்கிரீன்ஷாட்டை யார் தடுப்பது? படத்துக்குள் எங்கள் வீட்டின் இடக்குறி வேறு பதிந்திருந்தது. கமராவில் லொக்கேஷனை நிறுத்தி, எல்லாவற்றையும் திரும்ப எடுத்தேன்.

மாமாவுக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டதாம். சரி, அவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் டொக்கியுமெண்டாக அனுப்பினேன்; தெளிவு குறையாது.

காணாமல் போன பெரியப்பாவின் படத்தை ஏற்றவில்லை. அது அம்மாவின் பெட்டியில்தான்.