மொட்டை மாடி துணிக்கொடிக்கு ரெண்டே முடிச்சு

கொடி கட்டுறதுல என்ன பெரிய வித்தைன்னு கைக்கு வந்த முடிச்ச ஏழெட்டு போட்டு இறுக்கிட்டு கீழ வந்துட்டேன், ரெண்டு ஈர பெட்ஷீட் போட்டதும் கொடி தொங்கி தரைய கூட்டுது, சரி அவுத்து திரும்ப கட்டலாம்னா அவுக்கவே முடியல, கடைசில கத்திதான். முடிச்சுன்னா புடிக்கவும் செய்யணும், வேணும்னா அவுரவும் செய்யணும்.

கயிறு 6 இல்ல 8 எம்எம் நைலான் வாங்குங்க. தேங்காநார் கயிறு முடிச்ச நல்லா கவ்வும், ஆனா வெள்ளைச் சட்டையில கறை ஏத்தும். அறுத்த நுனிய மெழுகுவத்தில காட்டி உருக்கிடுங்க, சூடா இருக்கப்ப தொட்டுடாதீங்க, தோல்ல ஒட்டிக்கும்.

முதல் கம்பம்: போலைன் (இழுத்தாலும் சுருங்காத கண்ணி முடிச்சு)

நுனியில இருந்து ரெண்டு முழம் விட்டு ஒரு சின்ன வளையம் போடுங்க. நுனிப் பக்கத்து கயிறு நீளக் கயித்துக்கு மேல படுத்திருக்கணும், இத மாத்திப் போட்டா முடிச்சே விழாது, எல்லாரும் தப்பு பண்றது இங்கதான். இப்ப நுனிய கம்பத்த ரெண்டு சுத்து சுத்தி கொண்டு வாங்க (ஒரு சுத்துன்னா வழுக்கி இறங்கும்). வளையம்தான் புத்து, நீளக் கயிறு மரம், நுனி பாம்பு. பாம்பு புத்துக்கு அடியில இருந்து மேல வருது, மரத்துக்குப் பின்னால சுத்துது, வந்த புத்துக்குள்ளயே திரும்ப இறங்குது. நுனிய புடிச்சுக்கிட்டு நீளக் கயித்த இழுத்தா இறுகிடும். நைலான் வழுக்குற சாமான், அதனால மிச்ச நுனி ஒரு சாணாவது வெளிய நீட்டிட்டு இருக்கட்டும்.

ரெண்டாவது கம்பம்: லாரிக்காரங்க முடிச்சு

லோடு மேல தார்ப்பாய் இழுத்துக் கட்டுவாங்கல்ல, அதேதான். கம்பத்துக்கு ரெண்டு முழம் முன்னாடி கயித்துல ஒரு உருவாஞ்சுருக்கு போட்டு கண்ணி எடுங்க. கண்ணிக்கு உருவுற கயிறு நுனிப் பக்கத்துல இருந்து வரணும். செக் பண்ண, கொடிப் பக்கம் இழுத்துப் பாருங்க, கண்ணி சின்னதாச்சுன்னா தலைகீழா போட்டிருக்கீங்க, அவுத்துட்டு திரும்ப போடுங்க. அப்புறம் நுனிய கம்பத்த சுத்தி கொண்டு வந்து கண்ணிக்குள்ள விட்டு கம்பத்துப் பக்கமாவே இழுங்க. கணக்குப்படி உங்க பலம் மூணு மடங்கு ஆகணும், கயிறு கயித்தோட உரசுறதுல நிறைய போயிடும், ஆனாலும் கொடி வீணைத் தந்தி மாதிரி நிக்கும். பிவிசி பைப்புல கட்டி இந்த இழுப்பு இழுத்தா பைப்பு வளைஞ்சுடும், இரும்புக் கம்பமா பாருங்க. நுனி கண்ணியில திரும்புற இடத்த விரலால அமுக்கிப் புடிச்சுக்கிட்டு கண்ணிக்குக் கீழ ரெண்டு அரைமுடிச்சு (நுனிய கயித்த ஒரு சுத்து சுத்தி அந்தச் சுத்துக்குள்ளயே விடுறது), கடைசி முடிச்சுல நுனிய மடிச்சுப் போட்டா ஒரே இழுப்புல அவுந்துடும்.

நைலான் பாரத்துல கொஞ்சம் நீளும், அதனால மறுநாளே தொய்யும். லாரிக்காரங்க முடிச்சுப் பக்கம் மட்டும் அவுத்து இழுத்துக் கட்டினா போதும். போலைன அவுக்கணும்னா மரத்த சுத்தின அந்த வளைவ கட்டை விரலால முன்னால தள்ளுங்க, எவ்ளோ பாரம் தாங்கியிருந்தாலும் நெகிழ்ந்து குடுத்துடும்.