பாலாற்றங்கரையில் சுத்திகரித்த கழிவுநீரின் பாதிப்பை நாமே அளப்பது எப்படி?

"தண்ணீரைச் சுத்தம் பண்ணித்தானே விடுகிறார்கள், அப்புறம் ஏன் கிணறு உப்புக் கரிக்கிறது?" வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஆற்றோரம் நிலம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. தோல் ஆலைக் கழிவுநீரை வழக்கமான முறையில் சுத்திகரித்தால் அழுகும் கழிவு குறையும், சல்பைடு குறையும், தோல் பதனிடப் போட்ட குரோமியத்தில் பெரும்பகுதி சேற்றோடு படிந்துவிடும். உப்பு மட்டும் போகாது. பச்சைத்தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு ஊறல் தண்ணீரில் கரைந்து வருகிறது. ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் ஒழுங்காக ஓடினால்தான் அதைப் பிரிக்க முடியும். அதனால் தெளிவாக, நாற்றமே இல்லாமல் ஓடும் தண்ணீரிலும் உப்பு நிறைய இருக்கலாம். அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இடம் தேர்ந்தெடுப்பது

கழிவுநீர் சேரும் இடத்துக்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி எடு என்று பாடப்புத்தகம் சொல்லும். வருடம் முழுக்க ஓடும் ஆற்றுக்கு அது சரி. பாலாறு பெரும்பாலான மாதங்கள் மணலாகத்தான் கிடக்கிறது. மேலே எடுக்கத் தண்ணீரே இருக்காது, கீழே ஓடுவது முழுக்க கழிவுநீராகவே இருக்கும். அதனால் கிணறுகளை வைத்துக்கொள்ளுங்கள். சேரும் இடத்துக்கு மேற்கே, அதாவது ஆறு வரும் பக்கம், அதே கரையில் ஒரு கிணறு (மேல் கிணறு). கிழக்கே, ஆறு போகும் பக்கம், தூரம் தள்ளித் தள்ளி இரண்டு கிணறு (கீழ்க் கிணறுகள்). ஆற்றை விட்டு விலகி, ஊருக்குள் ஒன்று. ஆழம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். திறந்த கிணற்றையும் அறுநூறு அடி போரையும் ஒப்பிட்டால் எதுவும் புரியாது.

நம் நிலத்தடியில் பல பத்தாண்டுகளாக இறங்கிய உப்பு இருக்கிறது. ஒரு கிணற்றின் ஒரு நாள் எண் பழைய உப்பா, புதிய உப்பா என்று சொல்லாது. மேல் கிணற்றுக்கும் கீழ்க் கிணற்றுக்கும் உள்ள வித்தியாசம் கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் நமக்கு வேண்டியது. மே மாதம் ஒருமுறை, வடகிழக்கு மழை ஓய்ந்து ஜனவரியில் ஒருமுறை கட்டாயம் எடுங்கள். நடுவில் மாதாமாதம் முடிந்தால் இன்னும் நல்லது.

மீட்டர்: இங்கேதான் நின்று கவனிக்க வேண்டும்

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இது. ஒரே பக்கெட் தண்ணீரில் இரண்டு டிடிஎஸ் (கரைந்த உப்பின் மொத்த அளவு) பேனாவை விட்டால் இரண்டும் வேறு வேறு எண் காட்டும். இரண்டும் பழுதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எந்தப் பேனாவும் கரைந்த உப்பை நேராக அளப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது (கடத்துதிறன்) என்று அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சில கம்பெனி 0.5-ஆல் பெருக்கும், சில 0.7-ஆல்.

கடத்துதிறன் 4000 மைக்ரோசீமென்ஸ் உள்ள தண்ணீர் ஒரு பேனாவில் 2000 என்றும் இன்னொன்றில் 2800 என்றும் வரும். ஆற்றில் விடும் கழிவுநீருக்கு டிடிஎஸ் வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். ஒரே தண்ணீர் ஒருவர் கையில் வரம்புக்குள், இன்னொருவர் கையில் வரம்பு மீறல்! இந்தச் சண்டையே வேண்டாம். கடத்துதிறனை நேராகக் காட்டும் மீட்டராக வாங்குங்கள். டிடிஎஸ் மட்டும் காட்டும் பேனாவை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நோட்டில் எழுதுவதும் கடத்துதிறனாகவே இருக்கட்டும்.

வெளியே கிளம்பும் முன் 1413 மைக்ரோசீமென்ஸ் திட்டக் கரைசலில் (கடத்துதிறன் முன்பே தெரிந்த கரைசல்) மீட்டரைச் சரிபாருங்கள். கடத்துதிறன் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 சதவீதம் மாறும், ஆகவே 25 டிகிரிக்குத் தானாகத் திருத்தும் வசதி மீட்டரில் இருக்கிறதா பாருங்கள். வேலூர் வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை.

மாதிரி எடுக்கும்போது மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, எண் ஒரே இடத்தில் நின்ற பிறகு பிடியுங்கள். பாட்டிலை அதே தண்ணீரில் அலசிவிட்டு, வாய் வரை நிரப்புங்கள்.

குளோரைடு

சோற்றுப்பின் அடையாளம் இதுதான். 50 மில்லி மாதிரியில் பொட்டாசியம் குரோமேட் சில துளிகள், பியூரெட்டில் (துளித்துளியாக விடும் அளவுக் குழாய்) 0.0141 நார்மல் செறிவுள்ள சில்வர் நைட்ரேட். மஞ்சள் நிறம் லேசாகச் செங்கல் சாயலுக்குத் திரும்பும் முதல் துளியிலேயே நிறுத்துங்கள். வெறும் காய்ச்சி வடித்த நீருக்கு ஆன மில்லியைக் கழித்து, மீதியை 10-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் குளோரைடு. நம் பக்கத்துக் கிணறுகளுக்குப் பெரும்பாலும் மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்துத்தான் செய்ய வேண்டியிருக்கும்; அப்போது விடையையும் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். குடிநீருக்கு 250 வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 1000 வரை.

கையுறை போடுங்கள். அந்த மஞ்சள் கரைசலே குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம். சோதனை முடிந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல், தனிக் கேனில் சேர்த்துக் கல்லூரி ஆய்வகம் எதிலாவது ஒப்படையுங்கள். குரோமியத்தைத் தேடிப் போகும் நாமே அதை மண்ணில் விடக்கூடாது.

மற்றவை

தண்ணீர் தேங்கிய பள்ளம், ஏரி இருந்தால் கரைந்த ஆக்சிஜனையும் பாருங்கள். பாசி பிடித்த தண்ணீரில் மதியம் நன்றாகவே காட்டும், விடிவதற்கு முன் பார்த்தால்தான் உண்மை நிலை. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் பிழைப்பது கஷ்டம்.

குரோமியத்தை வீட்டில் அளக்க முயல வேண்டாம், ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மொத்த குரோமியத்துக்கு நைட்ரிக் அமிலம் சேர்த்த பாட்டில், ஆறு இணைதிறனுக்கு அமிலம் சேர்க்காமல் ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள். ராணிப்பேட்டைக்காரர்கள் கூடுதலாகக் கவனியுங்கள்: தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அங்கே ஆறு இணைதிறன் வந்தால், மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலையும் யோசிக்க வேண்டும். அளக்காமல் யார் மீதும் பழி சொல்லாதீர்கள்.

இந்த எண்களால் என்ன பயன்?

1974 நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி முறைப்படி எடுத்த மாதிரிதான் நீதிமன்றத்தில் சாட்சியாகும். நம் நோட்டு சாட்சியாகாது. ஆனால் "இந்த இடத்தில், இந்த மாதத்தில் வந்து மாதிரி எடுங்கள்" என்று தேதியோடு மனு கொடுக்க அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் நம் பகுதித் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில்தான் சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடியும் பாலாற்றுக்காகத் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. இடைப்பட்ட காலத்துக்குக் கிணறு கிணறாகக் கணக்கு இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

பின்சேர்க்கை 1: குளோரைடு சோதனையில் நிறம் சரியாகத் திரும்பவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அழுகிய முட்டை வாடை இருந்தால் சல்பைடு குறுக்கிடுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் சேர்த்துக் கலக்கிவிட்டுச் செய்யுங்கள்.

பின்சேர்க்கை 2: பாலாறு கடலில் சேரும் வயலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர், கடலிலும் இதே முறை செல்லுமா என்று கேட்டார். அப்படியே செல்லாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. சுத்திகரித்த ஊர்ச் சாக்கடை நீரில் உப்பு மிகக் குறைவு, எடையும் குறைவு. அதனால் அது மேலே மிதந்து பரவும். அங்கே உப்பு குறைந்த இடத்தைத் தேடுங்கள், மேல்மட்டத்தில் ஒரு மாதிரி, அடியில் ஒரு மாதிரி எடுங்கள். அம்மோனியா, கரைந்த ஆக்சிஜன், மலக்கிருமி மூன்றும் அங்கே குளோரைடை விட முக்கியம்.