மாடி ஷவருக்குத் தண்ணீர் போக வழி

பழைய வீடு, மாடித் தளத்தில் பள்ளம் விட்டுப் போடவில்லை. ஷவர் வைக்க வேண்டுமென்றால் பைப் தளத்துக்கு மேலேதான் ஓட வேண்டும். உள்மூலையில்தான் ஷவர் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அங்கிருந்து வெளிச்சுவர் 3 மீட்டர். தண்ணீர் ஓட மீட்டருக்கு 25 மி.மீ. வாட்டம் (சரிவு) என்றால், அதற்கே 75 மி.மீ. போய்விடும். அதன்மேல் நானி டிராப்பின் (தரைத் துளையில் வைக்கும், கொஞ்சம் நீர் நிறுத்தி நாற்றத்தைத் தடுக்கும் கிண்ணம்) உயரமும் சேர்ந்தால் குளிக்கப் படியேறித்தான் போக வேண்டும்.

ஷவரை வெளிச்சுவர் ஓரமாக மாற்றினேன். ஒரு சின்னப் படியோடு முடிந்தது. பிளம்பர் ஒன்றரை அங்குல பைப் போதும் என்றார். தலைமுடியும் சோப்பும் சேர்ந்தால் அது எத்தனை நாள் தாங்கும்? 75 மி.மீ. பிவிசிதான் போட்டோம். சுவருக்கு வெளியே நேராக இறக்கி, கீழே கல்லி டிராப்பில் (வீட்டுக்கு வெளியே தரையில் இருக்கும், நீர் நிற்கும் வடிகால் தொட்டி) விட்டோம். மேல்முனையை மூடாமல் மொட்டைமாடிக்கு மேல் நீட்டி, கவுல் (காற்று போகும் துளையுள்ள மூடி) மாட்டினோம். பைப்புக்குள் காற்று வர வழி இல்லாவிட்டால் மொத்தமாக இறங்கும் தண்ணீர் நானி டிராப்பில் நிற்கும் நீரையும் இழுத்துக்கொண்டு போகும், அப்புறம் நாற்றம்தான்.

டைல்ஸுக்கு முன் டிராப் வாயை அடைத்து, ராத்திரி முழுக்கத் தண்ணீர் கட்டினோம். காலையில் கீழ் அறைக் கூரையைத் தடவிப் பார்த்தேன், ஈரமில்லை. சரி, டைல்ஸ் ஒட்டலாம் என்றேன்.