நோக்கார்டியா தொற்று: எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் காலத்தோடு கண்டறியும் வழி

உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்குக் காய்ச்சலும் இருமலும் வாரக்கணக்கில் நீடித்தால், அரிதான தொற்றுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவற்றுள் ஒன்று, மண்ணிலும் மட்கிய இலைதழைகளிலும் வாழும் நோக்கார்டியா என்னும் பாக்டீரியா. புழுதியோடு மூச்சில் புகுந்து நுரையீரலில் தங்கும் இது, இரத்தத்தின் வழியே மூளைக்கும் பரவக்கூடும். ஸ்டீராய்டு காய்ச்சலை மட்டுப்படுத்திவிடுவதால், வெப்பமானியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. எடை குறைதல், இரவு வியர்வை, தோலில் கட்டி, புதிதாகத் தோன்றும் தலைவலி ஆகியவற்றையும் தேதியுடன் குறித்து வையுங்கள். வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் வலுவிழத்தல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மருத்துவரைச் சந்திக்கும்போது உட்கொள்ளும் மருந்துகளின் பெயர், அளவு, அண்மையில் செய்த தோட்ட வேலை, மண் பட்ட காயம் ஆகியவற்றைக் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. நுரையீரல் படத்தில் நோக்கார்டியா தொற்று காசநோயையோ புற்றுக்கட்டியையோ போலத் தோன்றலாம். சளியைச் சாயமேற்றிப் பார்க்கும்போதும் காசநோய்க் கிருமியென்று தவறாகக் கருதப்படலாம். மேலும், நோக்கார்டியா மெதுவாக வளர்வது. மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான கல்ச்சர் சோதனை சில நாட்களில் முடிக்கப்பட்டுவிடும் என்பதால், சந்தேகம் இருப்பதை ஆய்வகத்துக்கு முன்கூட்டியே தெரிவித்து, மாதிரியை 2 முதல் 3 வாரங்கள் வரை வைத்துப் பார்க்கச் சொல்ல முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சளியில் விடை கிடைக்காவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் செலுத்திப் பார்க்கும் பிராங்காஸ்கோப்பியோ திசுப் பரிசோதனையோ தேவைப்படலாம். தொற்று உறுதியானால், தலைவலி இல்லாதவர்களுக்கும் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது நல்லது, ஏனெனில் மூளைச் சீழ்க்கட்டி அறிகுறியின்றியும் இருக்கக்கூடும்.

முதன்மை மருந்து கோ-டிரைமாக்சசோல் என்னும் பாக்டீரியா எதிர்ப்பு மருந்து. நோய் கடுமையாக இருந்தால் வேறு மருந்துகளும் சேர்க்கப்படும். நுரையீரல் தொற்றுக்குப் பொதுவாக 6 முதல் 12 மாதங்களும், மூளையில் பரவியிருந்தால் குறைந்தது ஓராண்டும் சிகிச்சை நீளும். சில வாரங்களில் உடல் தேறியதும் மாத்திரையை நிறுத்தினால் தொற்று திரும்பக்கூடும். இம்மருந்து பொட்டாசியத்தை உயர்த்தவும் இரத்த அணுக்களைக் குறைக்கவும் கூடும் என்பதால், இரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். தோலில் தடிப்பு வந்தால் அன்றே தெரிவியுங்கள். ஸ்டீராய்டையோ எதிர்ப்பாற்றலை அடக்கும் பிற மருந்துகளையோ தாமாகக் குறைப்பது ஆபத்தானது. அந்த முடிவை மருத்துவரே எடுக்க வேண்டும்.

மண்ணைக் கிளறும் வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவதே பாதுகாப்பு; இயலாதபோது கையுறையும் முகக்கவசமும் அணிந்து, சிறு கீறலையும் உடனே சோப்பிட்டுக் கழுவுங்கள். வேறு தொற்றுகளைத் தடுக்கக் குறைந்த அளவில் கோ-டிரைமாக்சசோல் உட்கொண்டு வருபவர்களுக்கும் நோக்கார்டியா வருவதுண்டு என்பதால், அவர்களும் இந்த எச்சரிக்கையைத் தளர்த்தக் கூடாது.